இருபத்து மூன்று தாழங்கட்டைகள்

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆண்டு, ஆடியிலும் ஆவணியிலுமாக நான் ஹோட்டல் தேடி அலைந்தேன். கடலூரிலும் சிதம்பரத்திலுமாகப் பதினோரு ஹோட்டல்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். சாப்பாடும் வாயில் வைக்கும்படி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் அமைவது எவ்வளவு அபூர்வம் என்று அப்போதுதான் தெரிந்தது. பதினோராவது இடத்தில் இரண்டும் அமைந்தன. அந்த இடம் இன்று இல்லை. அது இல்லாமல் போனதில் எனக்கு உள்ள பங்கை இத்தனை வருடங்களில் ஒரே ஒருவரிடம்தான் முழுதாகச் சொல்லியிருக்கிறேன்.

என் மனைவி சாப்பிடவில்லை. அதுதான் காரணம். எங்களுக்கு முதல் குழந்தை பிறந்து ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தது. அதன் பிறகு அவள் சமைத்தாள், எனக்குப் பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். தான் மட்டும் சாப்பிடவில்லை. கேட்டால் "பசிக்கல" என்பாள். கட்டாயப்படுத்தினால் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். நானும் எதிரே உட்கார்ந்து எண்ணுவேன். நான்கு வாய். ஒரு நாள் ஆறு. ஒரு வாரம் முழுக்க மூன்றைத் தாண்டவில்லை. எண்ணி வைத்திருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் ஒரு எடை பார்க்கும் இயந்திரம் இருந்தது. காசு போட்டால் விளக்குகள் சுழன்று, தடித்த அட்டையில் எடை அச்சாகி விழும். அட்டையின் பின்பக்கம் அதிர்ஷ்ட வாக்கியம் ஒன்று இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அவளை அங்கே அழைத்துப் போனேன். ஆடி மாதம் விழுந்த அட்டையில் எண்பத்தொரு பவுண்டு. பின்பக்கத்தில், நீண்ட பயணம் ஒன்று உங்களுக்குக் காத்திருக்கிறது என்று இருந்தது. அதை அவளுக்குக் காட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "மருந்து எழுதித் தரேன். மருந்தால ஒண்ணும் ஆவாது. எதப் பாத்தா சாப்பிடத் தோணுதுன்னு கண்டுபுடிங்க. இப்படியே போனா கார்த்திகை தாண்டுறது கஷ்டம்" என்றார். ஆடியிலிருந்து கார்த்திகைக்கு நான்கு மாதம். வீடு வரும்வரை அதையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

எதைப் பார்த்தால் சாப்பிடத் தோன்றும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் நினைத்தது திருவந்திபுரத்தில். கோயிலுக்குப் போய்விட்டு, கெடிலம் கரையில் மர நிழலில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். எனக்கு எதிர்ப்புறத்துக் குன்றின் படிகள் மேல் கவனம் போயிற்று. ஏறும்போது ஒரு எண்ணிக்கை, இறங்கும்போது வேறொரு எண்ணிக்கை வந்திருந்தது. அது மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. திரும்பி உட்கார்ந்து, கண்ணாலேயே கீழிருந்து மேலே எண்ணிப் பார்த்தேன். முடித்துத் திரும்பியபோது அவளுடைய பொட்டலம் காலியாக இருந்தது. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் என்று முடிவு கட்டினேன். கண்ணுக்கு எதிரே தண்ணீரோ, வேறு ஏதாவது விரிந்த காட்சியோ இருந்தால் அவள் சாப்பிடுவாள். அப்படித்தான் தேடல் தொடங்கியது.

என் மைத்துனன், அவளுடைய தம்பி, கடலூர் சிதம்பரம் தடத்தில் ஒரு பஸ்ஸில் கண்டக்டர். வழியில் இருந்த அத்தனை ஹோட்டல்களும் அவனுக்குத் தெரியும். என் கோரிக்கையைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தான்.

"மாமா, ஓட்டல்னா வாசல்ல ஈ எத்தன, எலையில உப்பு எத்தனன்னு பாப்பாங்க. நீங்க ஜன்னல் பாக்குறீங்களே."

"உங்க அக்காவுக்காகத்தான்டா."

"தெரியும். அதனாலதான் சிரிக்கிறேன். அழுதா கண்டக்டரு வேல பாக்க முடியாது."

அவன் ஒரு பட்டியல் சொன்னான். முதலில் சிதம்பரம். கீழ வீதியில் ஒரு மாடி ஹோட்டல். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தால் கோபுரம் முழுக்கத் தெரியும். பொம்மைகளுக்கிடையே புறாக்கள் போய்வந்துகொண்டிருந்தன. சாம்பாரில் பருப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. அவள் ஒரு இட்லியில் பாதி சாப்பிட்டாள், ஏழு வாய். தெற்கு வீதிப் பக்கம் இன்னொரு கடை. அங்கே கொத்சு அப்படி ஒரு மணம், வாசலிலேயே நாக்கு ஊறும். உள்ளே ரயில் பெட்டி போல நீண்ட இருட்டு. பார்க்க எதிரே உட்கார்ந்தவரின் முகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவள் எதிரே என் முகம். ஐந்து வாய்.

புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தருகே ஒரு கீற்றுக் கொட்டகை. ஆறு தெரிந்தது, ஆனால் வெயில் காலத்து ஆறு, மணல்தான் தெரிந்தது. தேவனாம்பட்டினத்தில் கடல் தெரிந்தது. வடையில் மணலும் இருந்தது. முதுநகரில் துறைமுகம் பார்த்த ஒரு கடை. படகுகள், கொடிகள், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல் ஒன்று. கருவாட்டு வாடையில் அவள் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. கிள்ளைக்கும் ஒரு நாள் போனோம். காயலைப் பார்த்த மாதிரி ஒரு டீக்கடை மட்டும் இருந்தது. டீ நன்றாக இருந்தது. அவள் டீயைக் குடித்தாள். அதை எண்ணிக்கையில் சேர்ப்பதா என்று எனக்குள் ஒரு வாதம்.

எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். கடையின் இடம், காட்சி, பண்டம், வாய்களின் எண்ணிக்கை. சர்வே அலுவலகத்தில் எனக்குப் பதிவேடுகளைப் படியெடுக்கும் வேலை. கட்டம் போட்டு எழுதுவது கைப்பழக்கம். அந்தப் பதிவேடுகளில் கடைசிக் கட்டம் குறிப்புக்கானது. ஆற்றோர நிலங்களுக்கு அதில் சில சமயம் 'ஆற்றோடு போனது' என்று எழுதியிருக்கும். எந்தச் சலனமும் இல்லாமல் நூற்றுக்கணக்கான முறை அந்த இரண்டு சொற்களை எழுதியிருக்கிறேன்.

பதினோராவது ஹோட்டல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருந்தது. கெடிலம் பாலத்துக்குக் கிழக்கே, கரையோரமாக, ஒரு காலத்தில் சரக்கு அடைத்துவைத்த பழைய கிட்டங்கி. அதை வாங்கி ஹோட்டலாக்கியிருந்தவர் மலேயாவில் பத்துப் பன்னிரண்டு வருடம் சமையற்கட்டில் நின்றுவிட்டு ஊர் திரும்பிய ஒரு ராவுத்தர். முன்கூடத்தில் ஆறு மேஜை. பின்புறம் ஆற்றை நோக்கித் தாமே ஒரு ஓட்டு அறை இழுத்துக் கட்டியிருந்தார். அதில் இரண்டு மேஜை, பெரிய ஜன்னல் ஒன்று. அவர் மனைவி உள்ளே சமைப்பார். நான் அந்த அம்மாளைப் பார்த்ததே இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை, வளையல்களோடு, ஆப்பத் தட்டை நீட்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த மீன்குழம்பை இன்றுவரை வேறெங்கும் சாப்பிட்டதில்லை.

முதல் நாளே ராவுத்தர் என் மனைவியைப் பார்த்து, "வாம்மா தங்கச்சி, உள் ரூம்புல உக்காரு, காத்து நல்லா வரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அது தங்கச்சின்னா நீங்க மச்சான்தானே. மச்சானுக்கு இன்னா கொண்டாரட்டும்?" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு மச்சான்.

காற்று வந்தது. ஆறு மட்டும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பதினாறு, பதினேழு அடி தள்ளி, கரை விளிம்பு நெடுக, ஆள் உயரத்துக்குத் தாழம்புதர். முள்ளும் மடலுமாக ஒரு சுவர். பார்க்க ஒன்றும் இல்லாததால் நான் அவள் இலையைப் பார்த்தேன். ஒரு ஆப்பம், பதினோரு வாய். அவளுக்கு அது அதிகம்தான். ஆறும் தெரிந்தால் இன்னும் எவ்வளவு சாப்பிடுவாள் என்று கணக்குப் போட்டது என் புத்தி.

"பாய், அந்தத் தாழைய எடுத்துட்டா ஆறு அப்படியே தெரியுமே" என்றேன்.

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "நான் கட்டுறதுக்கு முன்னாடியே இருக்குது மச்சான் அது."

"பாம்பு அடையுமே பாய். சாப்பிடற இடத்துக்கு இத்தனை பக்கத்துல தாழங்காடு இருக்கலாமா?"

பாம்பு என்றதும் அவர் முகம் மாறியது. எங்கள் பக்கத்தில் தாழை என்றால் பாம்பு என்பது எல்லோருக்கும் பாடம். நான் அங்கே ஒரு பாம்பையும் பார்த்ததில்லை. அந்தச் சொல் வேலை செய்யும் என்று தெரிந்தே சொன்னேன். பிறகு, மெதுவாக, என் மனைவி விஷயத்தையும் சொன்னேன். டாக்டர் சொன்னது உட்பட. அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சிக்காகவா? அப்போ பேச்சே இல்ல. வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆறு தெரியும், இன்ஷா அல்லா."

ஆவணிக் கடைசியில் வெட்டினார்கள். வெட்டுகிற அன்று நானும் போயிருந்தேன். அக்கரைக்கு ஓடம் விடும் கிழவர் ஒருவர் கழியை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு ஐயா வெட்டச் சொன்னது?"

"பாம்புக்காக" என்றேன்.

"பாம்பு எங்கியும் போவாது. கரதான் போவும். அது இன்னா மறைப்புக்கு வச்ச வேலின்னு நெனச்சீங்களா? வேர விட்டு மண்ணப் புடிச்சிக்கிட்டு நிக்குது."

ராவுத்தர் என்னைப் பார்த்தார். சர்வே அலுவலகத்துக்காரன் நான். நிலத்தைப் பற்றி என் வாயிலிருந்து வருவதற்கு அவரிடம் மதிப்பு இருந்தது. "வேரைத் தோண்டலையே. மேலேதானே வெட்டறோம். வேர் உள்ளே இருக்கத்தான் போகுது" என்றேன்.

கிழவர் ஊன்றிய கழியைப் பிடுங்கினார். ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வெட்டி முடித்ததும் எண்ணினேன். விளிம்பு நெடுக, முழங்கால் உயரத்தில், இருபத்து மூன்று கட்டைகள்.

அடுத்த ஞாயிறு பகல் பதினோரு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். ஜன்னல் நிறைய ஆறு. அக்கரைத் தென்னைகள், நடுவில் ஓடம், கிழக்கே முகத்துவாரத்துப் பக்கம் வெளிச்சமாக ஒரு கோடு. நானே வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைகளை ஒருமுறை சரிபார்த்தேன். ஓடம் போய்வருவதற்குக் கிழவர் எத்தனை முறை கழி ஊன்றுகிறார் என்று பார்த்தேன். கணக்குச் சொல்லும்போது ராவுத்தர் மேஜையருகே நின்று உரக்கச் சொல்லுவார், முன்கூடத்துக்குக் கேட்கும்படி. "மச்சானுக்கு மூணு ஆப்பம், ஒரு மீன். தங்கச்சிக்கு மூணு ஆப்பம், ஒரு மீன்."

மூன்று. திரும்பி அவள் இலையைப் பார்த்தேன். துடைத்த மாதிரி இருந்தது.

புரட்டாசி அட்டையில் எண்பத்தைந்து பவுண்டு.

நான் கவலைப்படுகிற ஆள். குடை மறந்தால் கவலை, பஸ் நேரத்துக்கு வந்தால் ஏன் நேரத்துக்கு வந்தது என்று கவலை. அந்த முதல் இரண்டு ஞாயிறுகளில் மட்டும் கவலைப்படவில்லை. மூன்றாவது ஞாயிறு, முந்தின நாள் மழை பெய்திருந்தது, ஜன்னலருகே உட்கார்ந்து வழக்கம்போலக் கட்டைகளை எண்ணினேன். இருபத்திரண்டு.

மறுபடி எண்ணினேன். மேற்கு ஓரத்தில் கடைசிக் கட்டை இருந்த இடத்தில் ஒரு முறம் அளவுக்குப் பள்ளம். ஈரமண் புதிதாகச் சிவந்திருந்தது. எவனாவது விறகுக்குப் பிடுங்கியிருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது ஞாயிறு இருபது. ஆறாவது ஞாயிறு பதினேழு. அவற்றில் இரண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெள்ளை வேர்கள் காற்றில் ஆடின. அவற்றைப் பதினேழில் சேர்ப்பதா கழிப்பதா என்று யோசித்து, சேர்த்துக்கொண்டேன்.

ராவுத்தருக்கு இது தெரியவில்லை. காலையிலிருந்து அடுப்புக்கும் முன்கூடத்துக்கும் நடுவே ஓடுகிறவர். உள் அறைக்கு வந்தால் இலைகளைத்தான் பார்ப்பார், ஜன்னலைப் பார்க்க மாட்டார். மற்ற வாடிக்கைக்காரர்கள் புதிதாக வந்தவர்கள். முதலில் எத்தனை இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எண்ணிக்கை தெரிந்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் உள் அறையை மூடிவிடுவார். மேஜைகளை முன்கூடத்தில் போடுவார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, தெருச்சுவர்தான். பிறகு என் மனைவி? கார்த்திகைக்கு இன்னும் முழுசாக ஒரு மாதம் இருந்தது. பத்து வரட்டும், பத்து வந்தால் சொல்லிவிடுவது என்று எனக்கு நானே ஒரு எல்லைக்கல் நட்டுக்கொண்டேன்.

ஐப்பசியில் மைத்துனன் ஒரு ஞாயிறு எங்களோடு வந்தான். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆறு நிறம் மாறி, செங்காவியாக, நுரையோடு போய்க்கொண்டிருந்தது. அன்று பதின்மூன்று. அவன் ஜன்னலில் தலையை நீட்டிக் கீழே பார்த்தான்.

"பாய், இங்கேருந்து தூண்டில் போட்டா நேரா கொழம்புல வந்து வுழுந்துடும் போலக்குதே."

"மீன் செலவு மிச்சம் மாப்ளே" என்றார் ராவுத்தர், ஆப்பத்தை வைத்துவிட்டு.

"ஆத்துல தண்ணி ஜாஸ்தியா இருக்குது பாய். கொஞ்சம் பாத்துக்குங்க."

"மச்சான் சர்வே ஆபீசுல இருக்காரு. அவரு வாராவாரம் பாத்துக்கிட்டுத்தானே இருக்காரு. ஏன் மச்சான்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவியும் பார்த்தாள். "ஐப்பசியில ஆறு இப்படித்தான் வரும்" என்றேன். என் குரல் எனக்கே அலுவலகக் கடிதம் போல ஒலித்தது. ராவுத்தர் தலையாட்டிவிட்டு அடுப்புக்குப் போனார்.

எட்டாவது ஞாயிறு பத்து.

உட்காரும்போதே எண்ணிவிட்டேன். எழுந்துபோய் அவரைத் தனியாகக் கூப்பிட வேண்டும் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அந்த நேரம் என் மனைவி சிரித்தாள். திரைக்குப் பின்னாலிருந்த அந்த அம்மாள் ஏதோ சொல்லியிருக்கிறார், இவள் எட்டி ஏதோ பதில் சொல்லியிருக்கிறாள். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. குழந்தை போனபின் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். அன்று ராவுத்தர் சொன்ன கணக்கு, "தங்கச்சிக்கு நாலு ஆப்பம்." அந்த மாத அட்டையில் தொண்ணூறு பவுண்டு. நன்றாக நினைவிருக்கிறது: ஒரு எண் ஏறிக்கொண்டிருந்தது, ஒரு எண் இறங்கிக்கொண்டிருந்தது, இரண்டும் எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வாரம் நான்கு நாள் விடாமல் மழை. ஒன்பதாவது ஞாயிறு வானம் வெளுத்திருந்தது. நான்கு கட்டைகள். ஜன்னலுக்கும் விளிம்புக்கும் இடையே இப்போது ஐந்து அடிகூட இல்லை. ராவுத்தர் தண்ணீர் டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார். டம்ளரின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடைவெளி என் பக்கம் கூடுதலாகவும் ஜன்னல் பக்கம் குறைவாகவும் இருந்தது. விரலை வைத்து அளந்தேன். ஒரு பக்கம் ஒரு விரல், மறுபக்கம் அரை விரல். மேஜையில் சிந்திய குழம்பு ஒரு துளி, ஜன்னலை நோக்கி மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"எழுந்திரு" என்றேன் அவளிடம்.

"இன்னும் சாப்பிடலையே."

"எழுந்திரு, முன்னால உட்காரலாம்."

அவளை முன்கூடத்தில் உட்கார வைத்துவிட்டு ராவுத்தரை உள்ளே அழைத்துப் போனேன். டம்ளரைக் காட்டினேன். ஜன்னலைக் காட்டினேன். அவர் வெளியே தலையை நீட்டி வெகுநேரம் பார்த்தார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எத்தன கட்ட இருந்துச்சு மச்சான்?"

"இருபத்து மூணு."

"எப்போலேருந்து போவுது?"

"மூணாவது ஞாயித்துக்கெழமையிலேருந்து."

அவர் விரல் விட்டு எண்ணினார். எண்ணுகிறவன் எப்போதும் நானாகத்தான் இருந்தேன். இன்னொருவர் எனக்கு எதிரே நின்று எண்ணுவதைப் பார்த்ததில்லை. ஆறு விரல் மடங்கியதும் நிறுத்தினார்.

"அப்போவே சொல்லியிருந்தா மூங்கி அடிச்சிருப்பனே. மண் மூட்டை போட்டிருப்பனே" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கக் காத்திருந்தேன். கேட்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு அடுப்பறைக்குப் போனார்.

அன்றே ஆள் வைத்து மூங்கில் இறக்கினார். அடிக்க முடியவில்லை, ஊன்றிய கழி நிற்க மண் இல்லை. புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு அலுவலகத்தில் யாரோ வந்து சொன்னார்கள். ஓடினேன். பாலத்தின் மேல் கூட்டம். உள் அறை போயிருந்தது. அடுப்பறையின் பாதியும் போயிருந்தது. கிட்டங்கியின் பழைய சுவர் குறுக்காக வெடித்து, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மறுநாள் அதையும் இடித்துப் போடச் சொல்லிவிட்டார்கள். யாருக்கும் அடியில்லை. ஞாயிறு மாலையே உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துவிட்டார்களாம். தெருவில் ஆப்பச் சட்டிகள், அண்டாக்கள், எட்டு மேஜைகள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி முக்காடிட்டு உட்கார்ந்திருந்தார். வளையல்களைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. நான் பாலத்திலிருந்து இறங்காமல் வீட்டுக்குப் போனேன்.

என் மனைவியிடம் சொன்னபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், பாம்பைப் பற்றி, ஓடக்காரர் சொன்னதைப் பற்றி, பத்து என்று நான் போட்டுக்கொண்ட எல்லையைப் பற்றி. அவளுக்காகத்தான் என்பதையும் சொன்னேன். அது ஒரு சமாதானமாக இருக்கும் என்று நினைத்தேன் போல.

"ஆறு தெரியற வேற இடம் பார்க்கலாம். பண்ருட்டிப் பக்கம் ஒண்ணு இருக்குன்னு உன் தம்பி சொல்றான்" என்று முடித்தேன்.



"ஆறு தெரியணும்னு நான் எப்பங்க கேட்டேன்?"

"திருவந்திபுரத்துல ஆத்தைப் பார்த்துக்கிட்டுத்தானே சாப்பிட்டே. ஜன்னல்ல ஆறு தெரிஞ்சப்புறம்தானே பாய் கடையிலேயும் சாப்பிட்டே."

"அங்க நீங்க படிய எண்ணிக்கிட்டு இருந்தீங்க. இங்க கட்டைய எண்ணிக்கிட்டு இருந்தீங்க." அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "என் வாய எண்ணல. எடுத்து வாயில வைக்கிறப்ப ஒருத்தர் ஒண்ணு, ரெண்டுன்னு பாத்துக்கிட்டே இருந்தா எப்படிங்க எறங்கும்? அந்தப் புள்ளைக்கிம் நீங்க ஒன்பது நாளும் பால எண்ணிக்கிட்டே இருந்தீங்க."

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"அந்தத் தாழ நல்லா இருந்துச்சு. உள்ளாற ஒரு பூ வுட்டிருந்துச்சு. மொத நாள் வாசம் வந்துச்சே, உங்களுக்கு வரலையா?" என்றாள். பிறகு எழுந்துபோய் விளக்கைப் போட்டாள்.

அன்று அவள் சமையலறையில் தனியாகச் சாப்பிட்டாள். நான் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தட்டில் கை படும் சத்தம் கேட்டது. எத்தனை என்று தெரியாது. கார்த்திகை தாண்டியது. தை மாதம் அட்டையில் தொண்ணூற்றேழு.

அடுத்த வருடம் கரையோர நிலங்களின் பதிவேடு ஒன்று படியெடுக்க என் மேஜைக்கு வந்தது. அந்தக் கிட்டங்கி இருந்த இடத்தின் எண்ணும் அதில் இருந்தது. பரப்பைக் குறைத்து எழுதி, கடைசிக் கட்டத்தில் 'ஆற்றோடு போனது' என்று நானே எழுதினேன். காரணம் எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

ராவுத்தரை அதற்குப் பிறகு ஒருமுறைதான் பார்த்தேன். சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டல்; நாங்கள் கோயிலுக்குப் போய்விட்டுப் பசியோடு நுழைந்த இடம். இன்னொருவருடைய கடை. அவர் கல்லுக்கு முன் நின்று பரோட்டா அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாம்மா தங்கச்சி, நல்லா இருக்கியா? ஒடம்பு தேவலையா?" என்றார். முகம் மலர்ந்திருந்தது, அதில் பொய் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வாங்க சார்."

உள்ளே இருந்த ஒரே காலி மேஜை சுவரை ஒட்டி இருந்தது. துணியால் அதைத் துடைத்தார். "இங்க ஜன்னல் இல்ல சார்" என்றார்.  நான் சுவரைப் பார்த்த பக்கமாக உட்கார்ந்துகொண்டேன். ஈரம் ஏறி, சுண்ணாம்பு உப்பி, சுவரில் ஒரு விரிசல் மேலிருந்து கீழே வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொண்டுவந்து வைத்த ஆப்பம் என் இலையில் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் மேஜையருகே வந்து நின்று, வாசலில் இருந்த முதலாளிக்குக் கேட்கும்படி, பழைய குரலிலேயே கணக்குச் சொன்னார்.

"தங்கச்சிக்கு மூணு ஆப்பம், ஒரு மீன்."

என் இலையைப் பார்த்தார். அதில் இருந்தது அப்படியே இருந்தது.

"சாருக்கு ஒண்ணு" என்றார்.